ரப்பர்ப் புழுவுக்கு மஞ்சள்

1

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்து மஞ்சள் பேனை ஒன்று வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகத்தில் முக்கியமான வரிகளின் மேல் இழுப்பார்களே, பார்த்தால் கண் கூசும் மஞ்சள், அந்த மார்க்கர் பேனை. காசு வாங்கும் பெண் பை வேண்டுமா என்று கேட்டாள். ஒரு பேனைக்கு எதற்குப் பை? கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் போகும் எல்லிங்ஸ்ருட் ரயிலில் ஏறினேன். வழியெல்லாம் அதை விரலால் உருட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பேனையின் மேல் மனுஷிக்கு இவ்வளவு கோபம் வரும் என்பது எனக்கே புதிதாக இருந்தது.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்புக்காரி. ஒஸ்லோவில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கணவர் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகன் அகிலன், இங்கே பிறந்தவன். இப்போது ஹொல்ம்லியாவில் மார்த்தே என்ற நோர்வேப் பெண்ணோடு குடியிருக்கிறான். நல்ல வேலை, நல்ல பெண். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் இந்த மார்ச் மாதம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அகிலனுக்கு மீன்பிடிப் பைத்தியம். இங்கே காட்டு ஏரிகளில் அப்போர் என்று ஒரு மீன் இருக்கிறது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை. அமெரிக்காவில் பாஸ் மீனுக்கென்று செய்து விற்கும் ரப்பர்ப் புழுக்களைத்தான் இங்கே அப்போருக்கும் தூண்டிலில் குத்துகிறார்கள். ரப்பர் என்று சொன்னால் மகன் திருத்துவான், அது மெதுபிளாஸ்டிக்காம். கல்லடிப் பாலத்தடியில் கொடுவாவுக்கு உயிர் இறால் குத்தி விட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிளாஸ்டிக்கைக் காட்டி மீனை ஏமாற்றலாம் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவனையே தண்ணீருக்குள் தள்ளியிருப்பார்கள்.

2

இந்தக் கதை ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் தொடங்குகிறது.

அகிலன் முதலாம் வகுப்புக்குப் போன புதிதில் நான் அவனுக்குச் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் கட்டிக் கொடுத்தேன். இங்கே பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோவதற்கு மாட்பாக்கே என்று பெயர். பாண் துண்டு, அதன் மேல் மண்ணிற வெண்ணெய்க்கட்டி, அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சோறு கட்டினேன், பிள்ளை பசியோடு இருக்கக் கூடாதே என்று. ஒரு கிழமை போனது. வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி மஞ்சளாகிவிட்டது. பருப்பில் போட்ட மஞ்சள், எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. இது தெரியாத தமிழ்ப் பெண் உலகத்தில் இருக்க முடியாது.

பிறகு பெட்டி திறக்கப்படாமலே திரும்பி வரத் தொடங்கியது. புத்தகப் பையின் அடியில், ஜிம் சப்பாத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பான். "பெட்டி மணக்குது அம்மா," என்றான் ஒருநாள். "அவங்கள் கேக்கிறாங்கள், என்ன அதுக்குள்ள எண்டு." அடுத்த நாளே புதுப் பெட்டியும் பாணும் வாங்கிக் கொடுத்தேன். பழைய பெட்டியை எறிய மனம் வரவில்லை. அது ரப்பர் வளையம், மெழுகுதிரி என்று கண்டதையும் போட்டு வைக்கும் பெட்டியாக அடுப்படித் தட்டில் கிடந்தது. பத்து வயதுக்குப் பிறகு அவன் என்னோடு கதைப்பதும் குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் தமிழில் ஒரு சொல்லும் நோர்வேஜிய மொழியில் இரண்டு சொல்லும் வரும். பதினாறு வயதில் அதுவும் இல்லை. வாசல் கதவு சாத்தும் சத்தத்தை வைத்துத்தான் பிள்ளை வீட்டில் இருக்கிறானா இல்லையா என்று அறிந்துகொள்வேன்.

3

அவன் படித்து முடித்து வேலைக்குப் போன காலத்தில், ஹொல்ம்லியாவுக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்குப் போகும் அவசரத்தில் வெள்ளை ரப்பர்ப் புழுக்களைப் போட ஒரு பெட்டி தேடி, அந்த மஞ்சள் பெட்டியை எடுத்திருக்கிறான். முந்தின நாள்தான், வேறு பெட்டி இல்லாமல், உள்ளே கிடந்ததைக் கொட்டிவிட்டு மிச்ச மீன் கறியை அதற்குள் வைத்து எடுத்திருந்தேன். மூடியின் விளிம்பில் எண்ணெய் இருந்ததை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஏரிக்கரையில் திறந்தபோது பாதிப் புழுக்களின் வால் மஞ்சள்.

போனில் என்னோடு கத்தினான். புழு எல்லாம் பாழ் என்றான். பின்னேரம் வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் வந்து நின்றான்.

"அம்மா, வெள்ளைப் புழுவுக்கு ஒண்டும் வரல்ல. மஞ்சள் வாலுக்கு மட்டும் அப்போர் பாய்ஞ்சு பாய்ஞ்சு வருது! என்ன போட்டீங்க கறிக்கு?"

"எல்லாரும் போடுறதுதான் மனே. மஞ்சள், உள்ளி, தேங்காய்ப்பால்."

"உள்ளியா? அமெரிக்காவில உள்ளி மணம் போட்ட சாயம் விக்கிறாங்க அம்மா, இதுக்கெண்டே!"

அன்றைக்கு அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து என்னோடு கதைத்தான் பாருங்கள். மீன் எப்படிப் பார்க்கும், கலங்கின தண்ணீரில் எந்த நிறம் எடுபடும், வாலை மட்டும் ஏன் தோய்க்க வேண்டும் என்று. நான் பாதியைத்தான் விளங்கிக்கொண்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் எழும்பிப் போய்ச் சூடாக்கவில்லை, எழும்பினால் அவனும் எழும்பிவிடுவான் என்ற பயம்.

அடுத்த கிழமையே என் அடுப்படி சாயப்பட்டறை ஆனது. எனக்குக் கொஞ்சம் பேராசை. மஞ்சளே இவ்வளவு வேலை செய்தால் கேசரிப் பவுடர் எவ்வளவு செய்யும் என்று நினைத்து ஒரு சட்டி சிவப்புத் தண்ணீரில் புழுக்களை ஊறப் போட்டேன். கல்யாண வீட்டு லட்டு மாதிரி வந்தன. ஏரியில் போட்டதும் நிறம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. "ஏரிக்கே கேசரி செய்து குடுத்திட்டீங்க," என்று மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மஞ்சளை எண்ணெயில் கொதிக்க விட்டுப் போட்டேன். புழுக்கள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் சட்டியையும் எறிய வேண்டி வந்தது. கணவர், மீனைக் கறிச்சட்டியில் மட்டும் மதிக்கிறவர், "அந்த மீனுக்கு இவ்வளவு தாளிப்பா?" என்று கேட்டுவிட்டு நித்திரைக்குப் போனார்.

கடைசியில் பக்குவம் பிடிபட்டது. எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, மஞ்சள் தூளைக் குழைத்து, நசுக்கின உள்ளிப்பூண்டைத் துணியில் கட்டி உள்ளே போட வேண்டும். புழுவின் வாலை மட்டும் தோய்த்து இரவு முழுக்க வைத்து, காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் இளம் எலுமிச்சைப் பச்சை கலந்த ஒரு மஞ்சள் நிற்கும். தண்ணீருக்கு அசையாது.

ஆனால் வெயிலுக்கு அசையும். மஞ்சள் கறை பிடித்த துணியை ஊரில் வெயிலில் போட்டு எடுப்போமே, அதே கதைதான். ஒரு கிழமை, இரண்டு கிழமை ஏரிக்கரை வெயில் பட்டால் வால் வெளுத்துவிடும். ஜூன் மாதத்தில் இங்கே வெயில் போகவே போகாது, அப்போது இன்னும் கெதியாக வெளுக்கும். அகிலனுக்கு அது பெரிய குறை. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. ஹொல்ம்லியாவுக்குப் போன பிறகும் வால் வெளுக்க வெளுக்க அவன் வந்தான். இரண்டு ரயில் பிடித்து வருவான். வந்தால் சாப்பிடுவான், கதைப்பான், சாயம் போட்ட புழுக்களை அந்த மஞ்சள் பெட்டியில் எடுத்துக்கொண்டு போவான். வேறு எதற்கும் அவன் இப்படி வந்ததில்லை. தீபாவளிக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கும், என் பிறந்தநாளுக்குப் போன் வரும். புழுவுக்கு மட்டும் நேரில் வருவான்.

முதல் கோடையிலேயே ஒன்று சொன்னான். "அம்மா, இது ஹெம்மெலி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க, என்ன?" ஹெம்மெலி என்றால் இரகசியம். மற்ற மீன்பிடிகாரர்கள் களவெடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கும் மகனுக்கும் நடுவில் ஒரு இரகசியம் இருக்கிறது என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

4

அந்த இரகசியத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கோடை முழுக்கச் சாயம் தோய்த்தால் விரல் நகம் என்ன ஆகும்? சமையலறைப் பொறுப்பாளர் ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்து, உடம்புக்கு என்ன என்று மெல்லிய குரலில் கேட்டாள். மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட்டாள். முதியோர் இல்லம், வயதானவர்களுக்குச் சாப்பாடு போடும் இடம், சும்மா விடுவார்களா? குடும்ப வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். வீட்டில் மஞ்சள் பாவிப்பீர்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. ஈரல் அருமையாக இருக்கிறது என்று முடிவு வந்தது.

அதோடு விட்டார்களா? இந்த நாட்டில் எதற்கும் ஒரு கூட்டம் வேண்டும். ஏதாவது சுத்திகரிப்புத் திரவம் கையில் பட்டிருக்கலாம் என்று கூட்டம் வைத்து, சமையலறையில் எல்லோரும் நீளக் கையுறை போட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மரக்கறி வெட்டும் பெண்கள் எல்லாம் கையுறைக்குள் வியர்த்து முணுமுணுத்தார்கள். "யாரால இது?" என்று ஒருத்தி கேட்டபோது நான் கிழங்கு உரித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். மகனுக்குக் கொடுத்த வாக்கு. வாயைத் திறக்கவில்லை.

5

மார்ச் மாதம் மார்த்தேயிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அகிலனின் மீன்பிடிச் சங்கத்து வருடாந்தக் கூட்டம் குரோருட்டில் நடக்கிறதாம். போன வருடத்தின் பெரிய அப்போர் அவனுடையதாம், பரிசு கொடுக்கிறார்களாம். குடும்பமும் வரலாம், நீங்களும் வாருங்கள், அவனுக்குச் சொல்ல வேண்டாம், திடீரென்று வந்து நின்றால் சந்தோஷப்படுவான் என்று எழுதியிருந்தாள்.

அகிலன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. எல்லாம் நோர்வேஜிய மொழியில் நடக்கும், அம்மா களைத்துப்போவா என்று நினைத்திருப்பான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்காகக் காரணம் கண்டுபிடிப்பதில் எங்களை அடிக்க ஆளில்லை. மீன் கட்லட் பொரித்துக் கட்டிக்கொண்டு, ரயில் மாறிக் குரோருட்டில் இறங்கினேன்.

பள்ளிக்கூட மண்டபம். கொஞ்சம் பிந்திவிட்டேன். பின்வரிசையில் மார்த்தே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அகிலன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றான். என் நெஞ்சு நிறைந்துபோனது. எப்படிப் பிடித்தாய், புழுவுக்கு அது என்ன நிறம், கடையில் கிடைக்காத நிறமாக இருக்கிறதே என்று தலைவர் கேட்டார். நான் கட்லட் பொதியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி என்னைப் பற்றிச் சொல்லப்போகிறான், சொன்னால் எழும்பி நிற்க வேண்டுமா, உட்கார்ந்தபடி சிரித்தால் போதுமா என்று யோசித்தேன்.

"பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை," என்றான் என் மகன், அழகான நோர்வேஜிய மொழியில். "பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மஞ்சள் மார்க்கர் பேனை தவறுதலாக ஒரு புழுவில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து அதைத்தான் பூசுகிறேன்."

கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் கையை உயர்த்தினார். "எனக்கு ஒரு புழு தந்தாயே, அதில் ஏதோ ஒரு மணம் வந்ததே?"

அகிலன் சிரித்தான். "அது அம்மா வீட்டு மணம். அங்கே போய் வந்தால் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். ஜாக்கெட்டையே இரண்டு நாள் பல்கனியில் தொங்கவிட வேண்டும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. அவர்கள் நல்ல மனிதர்கள். மார்த்தேயும் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பினாள். "பேனைதானா? நீங்கள் அவனுக்கு ஏதோ உதவி செய்வதாக நான் நினைத்தேனே," என்று மெதுவாகக் கேட்டாள். அவளிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை.

"இல்லை," என்றேன். "எனக்கு மீன்பிடி பற்றி என்ன தெரியும்?" கட்லட்டுக்குக் குழைத்து மஞ்சளேறியிருந்த விரல்களைக் கைப்பைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஹெம்மெலி என்று அவன் சொன்னது நிறத்தைக் காப்பாற்ற இல்லை. மற்றவர்கள் களவெடுப்பார்கள் என்ற பயமும் இல்லை. நாலு கோடையாக அவன் ஒளித்து வைத்தது என்னைத்தான். பெட்டியைத் தனிப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டிக்கொண்டு போவான், மற்றதில் சாயம் ஊறிவிடும் என்பான். நானும் பொறுப்பான பிள்ளை என்று மெச்சினேன். பெட்டியை ஜிம் சப்பாத்துக்குக் கீழே ஒளித்த அதே பிள்ளை. ஆறு வயதில் அவன் செய்ததை நான் மனதில் வைக்கவில்லை, அது குழந்தை. இவன் தாடி வைத்த ஆம்பிளை. என் கையால் சோறு தின்று, என் சாயத்தை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சபையில் என் வீட்டு மணத்தை விற்றுச் சிரிப்பு வாங்கினான். இதற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

கூட்டம் கலைந்தபோது என்னைக் கண்டான். முகம் வெளுத்துப்போனது.

"அம்மா... எப்ப வந்தீங்க?"

"இப்பதான் மனே."

அவன் நம்பினானோ, நம்ப விரும்பினானோ தெரியாது. காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். ரயில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கட்லட் பொதியை அங்கே அவிழ்க்கவே இல்லை. வீட்டில் கணவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பொடியன்தானே, கூச்சத்தில சொல்லியிருப்பான், விடு," என்றார். விடுவதற்கு எனக்கு இடம் தெரியவில்லை.

6

ஏப்ரல் போனது. அவன் வாய் திறப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை போன் எடுத்தான், குளிரைப் பற்றிக் கதைத்தான். ஏரியில் பனிக்கட்டி உருகியதும் மூன்றாவது போன் வந்தது. "அம்மா, ஞாயிறு வாறன். புது வெள்ளைப் புழு போன முறையே வச்சிட்டுப் போனனான்தானே? தோய்ச்சு வைப்பீங்களா?"

"வா மனே," என்றேன்.

இன்று வந்தான். புட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தேன், சாப்பிட்டான். கோபம் சாப்பாட்டில் காட்டும் பழக்கம் என்னிடம் இல்லை. பிறகு மேசையில் இருந்த மஞ்சள் பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன். மூடியைத் திறந்தான். உள்ளே வெள்ளைப் புழுக்கள், கடையில் வாங்கியபடி, அடுக்காக. அவற்றின் மேல் அந்தப் பேனை.

பேனையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

"என்ன அம்மா இது?"

"நீ அங்க எல்லாருக்கும் சொன்ன சாயம் இதுதானே. நல்லா இருக்காம், கடைக்காரி சொன்னா. மணமும் இல்ல."

அவன் காது சிவந்தது. சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் சிவக்கும். மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பிறகு நோர்வேஜிய மொழியில், "உன்ஷில், மம்மா," என்றான். மன்னிக்கச் சொல்லித்தான் கேட்டான். இங்கே ரயிலில் ஒருவரை இடித்துவிட்டாலும் அதே சொல்தான்.

என் குரல் உயரவில்லை.

"அது அவங்கட பாஷை. அதை அந்த மண்டபத்தில போய் அவங்களுக்குச் சொல்லு, அம்மாதான் தோய்ச்சுத் தந்தவ எண்டு. எனக்குச் சொல்லுறதெண்டா என்ட பாஷையில சொல்லு."

வாயைத் திறந்தான். ஏதோ தேடுகிற மாதிரி இருந்தது. சொல் தெரியாமல் நின்றானா, தெரிந்தும் வரவில்லையா என்று பெற்றவளுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு எழும்பினான். வெள்ளைப் புழுக்களை அள்ளி ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டான். பேனையைத் தொடவில்லை. பெட்டியையும் எடுக்கவில்லை. "போயிட்டு வாறன் அம்மா," என்றான், அதை மட்டும் தமிழில். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

ஜன்னலால் பார்த்தேன். ரயில் நிலையப் பக்கம் நடந்து போனான், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இன்னும் நல்ல வெயில். வெள்ளைப் புழு வெயிலில் நிறம் மாறாது. அதற்காக அவன் இங்கே திரும்பி வரத் தேவையும் இல்லை.